கையில் வராத கூலி

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். கடையில் விரித்த பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கூறைப் புடவையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கண் புடவையில் இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? பேச்செல்லாம் மாப்பிள்ளையைப் பற்றித்தான்.

முன்பெல்லாம் "பிள்ளைக்கு என்ன சம்பளம்?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது அந்தப் பதிலுக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. "சம்பளம் இவ்வளவு. அது போக ஸ்டாக் ஆப்ஷன் வேறு இருக்கிறதாம்!" பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் சளைத்தவர்களா? "எங்கள் பெண்ணுக்கும் அது உண்டு!" என்கிறார்கள். அது என்ன சமாசாரம் என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும், இரு தரப்பாரும் ஜரிகையின் தரத்தை மிகவும் கவனமாக ஆராய ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கேட்க வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்றும் இல்லை, நேயர்களே. அடுப்பங்கரைக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தறி ஓடும் ஊரில் பிறந்தவர்களுக்கு இன்னும் சுலபம்.

பணமும் அல்ல, பங்கும் அல்ல

ஸ்டாக் ஆப்ஷன் என்பது பணம் அல்ல. கம்பெனியின் பங்கும் அல்ல. பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கிக் கொள்ளும் உரிமை. அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கம்பெனியின் பங்கு இன்று 100 ரூபாய் விற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கம்பெனி நம் வீட்டுப் பெண்ணிடம் ஒரு கடிதம் நீட்டுகிறது: "மூன்று வருஷம் எங்களிடம் வேலை பார். பிறகு 300 பங்குகளை, ஒன்று 40 ரூபாய் வீதம் நீ வாங்கிக் கொள்ளலாம். அப்போது சந்தையில் என்ன விலை விற்றாலும் உனக்கு 40 ரூபாய்தான்."

மூன்று வருஷம் கழித்துப் பங்கு 250 ரூபாய்க்குப் போனால் அவளுக்கு யோகம். 40 கொடுத்து வாங்கியது 250 பெறும். மாறாக, விலை 30 ரூபாய்க்கு இறங்கிவிட்டால், 30 ரூபாய்ச் சரக்கை 40 கொடுத்து யார் வாங்குவார்கள்? கடிதத்தை மடித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். இரண்டாம் வருஷமே வேலையை விட்டுப் போனாலோ, உரிமையே போய்விடும். நம் நாட்டுச் சட்டப்படி, உரிமை கொடுத்த நாளுக்கும் அது கைக்கு உறுதியாகும் நாளுக்கும் இடையே குறைந்தது ஒரு வருஷமாவது இருக்க வேண்டும்.

கம்பெனிக்கு இதில் என்ன ஆதாயம்? புதிதாகத் தொடங்கிய கம்பெனியிடம் பெரிய சம்பளம் கொடுக்கக் காசு இருக்காது. ஆனால் கெட்டிக்கார ஆட்கள் வேண்டும். காசுக்குப் பதிலாக நாளைய பங்கைக் காட்டி ஆளைச் சேர்க்கிறது. சேர்ந்த ஆளைப் போகாமல் நிறுத்தியும் வைக்கிறது. காஞ்சிபுரத்தில் பெரிய தறிக்காரர்கள் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் தம் தறியிலேயே நிறுத்திக் கொண்ட கதை ஊருக்கே தெரியும். அது கடனால் கட்டிய கட்டு. இது ஆசையால் கட்டிய கட்டு.

உழைப்பவரே பங்காளியும் ஆவது இந்த ஊருக்குப் புதிதல்ல. காமாட்சியம்மன், முருகன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் இங்கே பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நெசவாளர் பங்குத் தொகை கட்டிச் சங்கத்தில் உறுப்பினர் ஆகிறார். சங்கம் பட்டும் ஜரிகையும் கொடுக்கிறது. அவர் புடவையாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். லாபம் வந்தால் அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். சங்கத்துப் பங்கின் விலை சந்தையில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கூலியும் கூலியாகவே கைக்கு வந்துவிடுகிறது. ஸ்டாக் ஆப்ஷனிலோ கூலியின் ஒரு பகுதியே உரிமைச் சீட்டாக மாறி நிற்கிறது.

உலகமே சண்டை போட்ட கேள்வி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கம்பெனி இந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது பெட்டியிலிருந்து ஒரு பைசாகூட வெளியே போகவில்லை. அப்படியானால் கணக்குப் புத்தகத்தில் எதை எழுதுவது? செலவே இல்லை என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடத்தான் பார்த்தார்கள். அமெரிக்காவில் கணக்கு விதிகளை வகுக்கும் வாரியம், "இதுவும் ஊதியம்தான், செலவாக எழுத வேண்டும்" என்று 1993-ல் ஒரு யோசனையை வெளியிட்டது. உடனே கம்பெனிகள் கொதித்து எழுந்தன. செலவு எழுதினால் லாபம் குறையுமே! 1994-ல் அந்நாட்டு செனட் சபை 88-க்கு 9 என்ற வாக்கு வித்தியாசத்தில் அந்த யோசனையைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது. வாரியம் பின்வாங்கியது. வாரன் பஃபெட் போன்ற பெரும் முதலீட்டாளர்கள், ஊதியத்தை ஊதியம் என்று எழுதத்தான் வேண்டும் என்று விடாமல் வாதாடினார்கள்.

2001-ல் என்ரான் என்ற ராட்சசக் கம்பெனி பொய்க் கணக்கோடு கவிழ்ந்தது. அதன் பிறகுதான் எல்லோருக்கும் கண் திறந்தது. 2004-ல் சர்வதேசக் கணக்கு விதி வந்தது. அதே வருஷம் அமெரிக்க விதியும் மாறியது. நம் நாட்டில் 1994-லேயே இன்போசிஸ் தன் ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 1999-ல் செபி இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. 2016 முதல் பெரிய கம்பெனிகளுக்கு இந்தியக் கணக்கியல் தரம் 102 கட்டாயமாகிவிட்டது.

கணக்கு விஷயத்தில் நம்மவர்கள் ஒன்றும் இளைத்தவர்கள் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூருக்குப் போயிருக்கிறீர்களா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. வாரியத்தில் பதவி வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் குடவோலைத் தேர்தலில் நிற்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை!

ஒரு பாவு, மூன்று புடவை

சரி, எழுதுவது என்று தீர்மானமாகிவிட்டது. எப்போது எழுதுவது? கடிதம் கொடுத்த அன்றா? மூன்று வருஷம் முடிந்த பிறகா?

பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றை மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். பட்டுப் பாவு பெரும்பாலும் மூன்று புடவைக்குச் சேர்த்துத்தான் தறியில் ஏற்றப்படுகிறது. பாவு ஏற்றிய அன்று நெசவு முடிந்துவிட்டதா? இல்லை. மூன்றாவது புடவையை அறுக்கும் வரை வேலையே நடக்கவில்லை என்று சொல்லலாமா? அதுவும் இல்லை. முதல் புடவை முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு நடந்துவிட்டது. இரண்டாவது முடிந்ததும் மூன்றில் இரண்டு பங்கு.

ஸ்டாக் ஆப்ஷன் கணக்கும் இதே நியாயந்தான். மூன்று வருஷ உழைப்புக்காகக் கொடுத்த உரிமையை, உழைப்பு நடக்க நடக்க, வருஷா வருஷம் செலவாக எழுத வேண்டும்.

அடுத்த கேள்வி: எவ்வளவு எழுதுவது? 100 ரூபாய்ப் பங்கை 40-க்குக் கொடுத்தால் வித்தியாசம் 60 ரூபாய் என்று தோன்றும். ஆனால் விலை ஏறுமா இறங்குமா என்று காத்திருந்து பார்க்கும் சௌகரியத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு அல்லவா? அதைக் கணக்கிட ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1973-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். நம் உதாரணத்தில் அந்தச் சூத்திரப்படி ஓர் உரிமையின் மதிப்பு 75 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கடிதம் கொடுத்த அன்று மதிப்பிட்டால் மதிப்பிட்டதுதான். பின்னால் பங்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த 75 மாறாது.

பேனாவைக் கையில் எடுங்கள்

நம் கம்பெனி பத்து ஊழியர்களுக்குத் தலைக்கு 300 உரிமை கொடுத்திருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் ஒருவர் போய்விடுவார் என்று முதல் வருஷம் எதிர்பார்க்கிறது. ஆகவே 9 பேர், 300 உரிமை, 75 ரூபாய். மொத்தம் 2,02,500. அதில் மூன்றில் ஒரு பங்கு 67,500. குறிப்பேட்டில் பதிவு இப்படி விழும்:

முதல் வருஷம்
ஊழியர் ஊதியச் செலவுக் கணக்கு — பற்று 67,500
பங்கு உரிமை நிலுவைக் கணக்கு — வரவு 67,500

பெட்டியில் இருந்த காசு அப்படியே இருக்கிறது. ஆனால் வருஷ லாபம் 67,500 குறைந்துவிட்டது. இந்த ஒரு பதிவைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவில் அத்தனை ஆர்ப்பாட்டம்! வரவுப் பக்கம் உள்ள நிலுவைக் கணக்கு கடன் அல்ல. ஏனென்றால் கம்பெனி யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை, பங்குதான் தர வேண்டும். ஆகவே ஐந்தொகையில் அது முதலாளிகளின் நிதியோடு சேர்ந்து நிற்கும்.

இரண்டாம் வருஷம், இருவர் போய்விடுவார்கள் என்று மதிப்பீடு மாறுகிறது. 8 பேருக்கு மொத்தம் 1,80,000. அதில் மூன்றில் இரண்டு பங்கு 1,20,000. முன்பே எழுதிய 67,500-ஐக் கழித்தால் இந்த வருஷத்துப் பாடு 52,500.

இரண்டாம் வருஷம்
ஊழியர் ஊதியச் செலவுக் கணக்கு — பற்று 52,500
பங்கு உரிமை நிலுவைக் கணக்கு — வரவு 52,500

மூன்றாம் வருஷ முடிவில் 8 பேர் நிலைத்து நிற்கிறார்கள். 1,80,000-ல் எழுதியது போக மிச்சம் 60,000.

மூன்றாம் வருஷம்
ஊழியர் ஊதியச் செலவுக் கணக்கு — பற்று 60,000
பங்கு உரிமை நிலுவைக் கணக்கு — வரவு 60,000

இப்போது உரிமை கைக்கு வந்துவிட்டது. எட்டுப் பேரில் ஏழு பேர் பணம் கட்டிப் பங்கு வாங்குகிறார்கள். 2,100 பங்கு, 40 ரூபாய் வீதம், 84,000 ரூபாய் கம்பெனிக்கு வருகிறது. ஒரு பங்கின் முக மதிப்பு 10 ரூபாய்.

பங்கு வாங்கும்போது
வங்கிக் கணக்கு — பற்று 84,000
பங்கு உரிமை நிலுவைக் கணக்கு — பற்று 1,57,500
பங்கு முதல் கணக்கு — வரவு 21,000
பத்திர முனைமக் கணக்கு — வரவு 2,20,500

கூட்டிப் பாருங்கள். இரு பக்கமும் 2,41,500. சரியாக இருக்கிறதல்லவா? ஏழு பேர் கொடுத்த காசு 84,000; அவர்கள் ஏற்கெனவே உழைப்பாகக் கொடுத்தது 1,57,500. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பங்குகளின் உண்மையான விலை. அவர்களுக்கு யாரும் எதையும் இனாமாகக் கொடுத்துவிடவில்லை என்பதைக் குறிப்பேடே சாட்சி சொல்கிறது.

எட்டாவது ஆசாமி கெடு முடியும் வரை பணம் கட்டவில்லை. அவர் உரிமை காலாவதியாகிறது. "பங்கே கொடுக்கவில்லையே, எழுதிய செலவை அழித்துவிடலாமே" என்று கம்பெனி சொல்ல முடியுமா? முடியாது!

காலாவதியானால்
பங்கு உரிமை நிலுவைக் கணக்கு — பற்று 22,500
பொதுக் காப்புக் கணக்கு — வரவு 22,500

தொகை நிலுவையிலிருந்து பொதுக் காப்புக்குப் போகுமே தவிர, செலவு செலவாகவே நிற்கும். ஏனென்றால் அவர் மூன்று வருஷம் உழைத்தது உழைத்ததுதான். புடவை விலை போகவில்லை என்பதற்காக நெய்த நெசவு இல்லாமல் போய்விடுமா?

அப்படியானால் இந்தக் கூலியை உண்மையில் கொடுப்பவர் யார் என்று கேட்பீர்கள். பழைய பங்குதாரர்கள்தான். பத்துப் பேருக்குக் காய்ச்சிய பாயசத்தைப் பன்னிரண்டு பேர் பங்கிட்டுக் கொண்டால் ஒவ்வொருவர் டம்ளரிலும் கொஞ்சம் குறையும் அல்லவா? அதனால்தான் அவர்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்கிறது சட்டம்.

ஏறியதும் இறங்கியதும்

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குக் கண்கண்ட உதாரணம் உண்டு. கிரீஷ் மாத்ருபூதமும் அவருடைய நண்பரும் 2010-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பர் 22-ஆம் தேதி அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. ஒரு பங்கு 36 டாலருக்கு வெளியிடப்பட்டு, அன்று மாலையே 47 டாலரைத் தாண்டியது. ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்கள் என்றும், அவர்களில் சுமார் 70 பேர் முப்பது வயதுகூட நிரம்பாதவர்கள் என்றும் கிரீஷ் சொன்னார். ஊரெல்லாம் அதே பேச்சு.

அடுத்த வருஷம்? அதே பங்கு வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. முன்னால் விற்றவர் ஒரு மாதிரி, ஆசையோடு வைத்திருந்தவர் ஒரு மாதிரி. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சம்பளத்தோடு ஸ்டாக் ஆப்ஷனையும் சேர்த்துக் கூட்டி வீட்டுக் கடன் வாங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். கம்பெனியின் புத்தகத்தில் 75 ரூபாய் என்று எழுதியிருப்பது, நம் வீட்டுப் பெட்டிக்கு 75 ரூபாய் வரும் என்ற உத்தரவாதம் அல்ல.

உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ அப்படி ஒரு கடிதம் கொண்டு வந்தால் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை உரிமை, என்ன விலைக்கு? எத்தனை வருஷம் இருந்தால் உறுதியாகும்? வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பணம் கட்டி வாங்க வேண்டும்? வாங்கிய பங்கை விற்கச் சந்தை உண்டா, இல்லையா?

ஐந்தாவதாக வரியைப் பற்றியும் கேட்க வேண்டும். பங்கை வாங்கும் நாளில் சந்தை விலைக்கும் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளம் என்றே வருமான வரி இலாகா கருதுகிறது. நம் பெண் 250 ரூபாய்ப் பங்கை 40 ரூபாய்க்கு வாங்கினால், பங்குக்கு 210 ரூபாய் வீதம் 300 பங்குக்கு 63,000 ரூபாய் அவள் சம்பளத்தோடு சேரும். பங்கை இன்னும் விற்கவில்லை, கைக்குக் காசு வரவில்லை. வரி மட்டும் வந்துவிடும்! தகுதி பெற்ற சில புதிய கம்பெனிகளின் ஊழியர்களுக்கு இந்த வரியைத் தள்ளிக் கட்டச் சலுகை உண்டு. பின்னால் விற்கும்போது லாபம் வந்தால் அதற்கு வேறு வரி.

எழுதாத கூலி

இத்தனை சண்டைக்கும் சூத்திரத்துக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு நியாயம்தான். காசு கை மாறாவிட்டாலும் உழைப்பு உழைப்பே. அதற்கு ஒரு மதிப்பு உண்டு. உழைப்பு நடக்கும் வருஷத்திலேயே அதைப் புத்தகத்தில் எழுத வேண்டும். உலகத்துப் பெரிய கம்பெனிகள் முரண்டு பிடித்துப் பிறகுதான் இதை ஒப்புக் கொண்டன.

அந்த நியாயத்தைக் கையில் பிடித்துக் கொண்டு தறி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மனம் கொஞ்சம் சங்கடப்படுகிறது. கோர்வைப் புடவை என்றால் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் பல வீடுகளில் மனைவி அல்லது மகள். தார் சுற்றுவது அவள். பாவு புணைக்கும்போது கூட நிற்பவளும் அவள். கூலியோ புடவைக்கு இவ்வளவு என்று நெசவாளர் ஒருவர் பெயரில் விழுகிறது. 2019-20-ல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். அத்தனை கைகளுக்கும் கணக்குப் புத்தகத்தில் தனிப் பக்கம் இருக்கிறதா?

அதற்காகப் புருஷனிடம் பில் போட்டு நீட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை! நெசவு தெரிந்த பெண் தன் பெயரிலேயே சங்கத்தில் உறுப்பினராகப் பார்க்கலாம். சேமிப்பில் ஒரு பகுதியைத் தன் பெயரில் போட்டு வைக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால், ஒரு நாற்பது பக்க நோட்டில் இன்ன மாதம் இன்ன புடவைக்கு இத்தனை நாள் துணை உட்கார்ந்தேன் என்று குறித்தாவது வைக்கலாம். குடும்பத்தில் பாகப் பிரிவினை என்றோ கடன் என்றோ பேச்சு எழும் நாளில் அந்த நோட்டு பேசும்.

நகரத்தில் இருக்கும் வாசகிகளும் இதைத் தறி வீட்டு விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். கணவருடைய கடையில் கல்லாப் பெட்டியைப் பார்த்துக் கொள்பவர்கள், டியூஷன் சென்டரில் கணக்கு எழுதுபவர்கள், மாமனாரின் வியாபாரத்துக்குப் போன் பேசுபவர்கள் எத்தனை பேர்! இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். பற்றையும் வரவையும் அதற்கப்புறம் பார்த்துக் கொள்ளலாம்.